மேதை என்று தானே எழுதிக்கொண்டவர்

கே: போன மாதம் நீங்கள் பாராட்டி எழுதியதைப் பார்த்து ‘ஆலிஸ் பி. டோக்லஸின் சுயசரிதை’யை வரவழைத்துப் படித்தேன். எழுபது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. கெர்ட்ரூட் ஸ்டைன் தன் தோழி எழுதுவதுபோலத் தானே எழுதி, அதில் தன்னை மேதை என்றும் சொல்லிக்கொள்கிறார். பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர்தான். இவ்வளவு தற்பெருமையை எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகி, சத்தியமங்கலம்

ப: பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், அம்மிணி. தற்பெருமை அதில் நிறையவே இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே ஆலிஸ் சொல்கிறார்: என் வாழ்க்கையில் மூன்று மேதைகளைத்தான் சந்தித்திருக்கிறேன், ஒவ்வொருவரைப் பார்த்தபோதும் எனக்குள் ஒரு மணி அடித்தது. அந்த மூவர் கெர்ட்ரூட் ஸ்டைன், ஓவியர் பிக்காசோ, தத்துவவாதி ஆல்ஃபிரட் வைட்ஹெட். எழுதியவரும் ஸ்டைன், பட்டியலில் முதலில் நிற்பவரும் ஸ்டைன். படிக்கிறவருக்குச் சுருக்கென்று படத்தான் செய்யும்.

புத்தகத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டைன் 1874இல் அமெரிக்காவில் பிறந்தவர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1903இல் பாரிசுக்குப் போய், ஃப்ளூருஸ் தெரு 27ஆம் எண் வீட்டில் அண்ணனோடு குடியிருந்தார். மத்தீசும் பிக்காசோவும் விலைபோகாத காலத்தில் அவர்கள் ஓவியங்களை வாங்கிச் சுவர் முழுக்க மாட்டியவர்கள் இந்த அண்ணனும் தங்கையும். சனிக்கிழமை மாலைகளில் ஊரே அங்கே கூடும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 1907இல் வந்து சேர்ந்தவர் ஆலிஸ். 1946இல் ஸ்டைன் இறக்கும்வரை பிரியாமல் இருந்தார். வீடு, சமையல், விருந்தினர், தட்டச்சு, மெய்ப்புத் திருத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. 1932இல் ஸ்டைன் இந்த நூலை ஆலிஸின் ‘நான்’ஆக எழுதினார். 1933இல் வெளிவந்தது. அதுவரை வாசகரே இல்லாதிருந்த ஸ்டைனுக்கு 59ஆம் வயதில் பெரும் புகழ் வந்தது இதனால்தான்.

நீங்கள் ஏற்கெனவே தாண்டிப்போன ஓர் இடத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அந்த வீட்டுச் சமையற்காரி எலேன் வருகிற பக்கம். எலேனுக்கு ஓவியர் மத்தீசைப் பிடிக்காது. ஏன் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக்குத் தங்குவார். அதற்கு முன்னால் இன்றைக்கு என்ன சமையல் என்று வேலைக்காரியிடமே விசாரித்துக்கொள்வார். வெளிநாட்டுக்காரர்கள் அப்படிச் செய்தால் பரவாயில்லை, ஒரு பிரெஞ்சுக்காரர் செய்யலாமா என்பது எலேனின் நியாயம். ஆகவே மத்தீஸ் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கிறார் என்று ஸ்டைன் வந்து சொன்னால் எலேன் பதில் சொல்வார்: அப்படியானால் ஆம்லெட் போட மாட்டேன், முட்டையை அப்படியே பொரித்துவிடுகிறேன். அதே எண்ணிக்கை முட்டை, அதே அளவு வெண்ணெய். ஆனால் மரியாதை குறைவு, அது அவருக்குப் புரியும்.

இதைக் கோபியில் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் நான் வாய்விட்டுப் படித்தபோது, பிக்காசோ பேரைக் கேட்டே இராத ஒரு பெரியம்மா முதலில் சிரித்தார். எங்கள் அம்மாயியும் இதே கணக்குத்தான் வைத்திருந்தார். வேண்டப்பட்டவர் வந்தால் அரிசியை ஆட்டி, வேகவைத்து, சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலோடு இலையில் வைப்பார். மற்றவருக்கு அரிசியும் பருப்பும். சாப்பிட்டவர் வயிறு நிறைந்துதான் போவார். ஆனால் தன் இடம் எது என்று தெரிந்துகொண்டு போவார்.

இப்போது சொல்லுங்கள், இந்த முட்டை விவகாரத்தை யார் கண்ணால் பார்த்து எழுதியது? இது மேதையின் கண் இல்லை. அடுக்களையில் காலை வைத்துக்கொண்டு கூடத்தில் காதை வைத்திருக்கிற ஒருத்தியின் கண். மேதைகளின் மனைவிமாரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது ஆலிஸின் வேலை. ஆண்கள் ஸ்டைனோடு ஓவியம் பேசுவார்கள்; மனைவிமார் ஆலிஸோடு தொப்பியும் வாசனைத் திரவியமும் பேசுவார்கள். ‘நான் உட்கார்ந்து பேசிய மேதைகளின் மனைவிகள்’ என்று ஒரு புத்தகம் எழுத ஆசை என்றே அவர் சொல்கிறார். இன்னோர் இடத்தில், ஓர் ஓவியத்தைத் தினமும் தூசி தட்டினால்தான் அது என்னவென்று தெரியும், ஒரு புத்தகத்தைத் தட்டச்சு செய்தால்தான் அல்லது மெய்ப்புப் பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும், வெறுமே படிப்பதால் அது நடக்காது என்கிறார். முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்த எனக்கு, வாசிப்பைப் பற்றி இதைவிட நல்ல பேச்சு வாய்த்ததில்லை.

இந்தக் குரலைப் பிடிக்க ஸ்டைன் 25 வருடம் காது கொடுத்திருக்கிறார். தன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறவரால் ஆகிற காரியம் இல்லை இது. எனக்கு இயற்கைக் காட்சி பிடிக்கும், ஆனால் அதற்கு முதுகைக் காட்டி உட்காரத்தான் பிடிக்கும் என்று ஆலிஸ் ஆரம்பத்திலேயே சொல்கிறார். அவ்வளவு துல்லியமாக இன்னொருத்தியின் சுபாவத்தைப் பிடித்தவர், அதே கையால் தன்னை மேதை என்றும் எழுதிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எழுபதாம் பக்கத்திலிருந்து தொடருங்கள்.

கே: தற்புகழ்ச்சியை நம் மரபு குற்றமாகத்தானே சொல்கிறது? நீங்கள் பரிந்து பேசுவது சரியா?
– தமிழாசிரியர், பெருந்துறை

ப: ஐயா, கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. நன்னூல் செய்த பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்றுதான் நம் பக்கத்தில் சொல்லி வருகிறோம். அவரிடமே கேட்டுவிடலாம்.

‘தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்பது நன்னூலின் முன்னுரையான பாயிரத்தில் உள்ள நூற்பா. யாரும் காணாததைக் கண்டு எத்தனை துறையில் முடித்துக் காட்டியவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழக் கூடாது. நீங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் முனிவர் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த நூற்பாவில் நான்கு இடங்களைத் திறந்துவிடுகிறார். அரசனின் மன்றத்துக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை உணராதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கிலும் ‘தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே.’

இரண்டாவதும் நான்காவதும் ஸ்டைனுக்காகவே எழுதியதுபோல் இருக்கின்றன. அவருடைய முதல் நூலான ‘மூன்று வாழ்க்கைகள்’ 1909இல் வந்தது, அதுவும் கைக்காசில். அச்சிட ஒப்புக்கொண்ட நிறுவனம், எழுதியவருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாதோ என்று சந்தேகப்பட்டு, விசாரிக்க ஓர் இளைஞரை வீட்டுக்கே அனுப்பியது. நான் அமெரிக்கப் பெண் ஆயிற்றே என்று இவர் சொல்ல வேண்டியிருந்தது. 1911இல் எழுதி முடித்த ‘அமெரிக்கர்களின் உருவாக்கம்’ அச்சேறியது 1925இல். பத்திரிகைகள் அவருடைய வாக்கியங்களை எடுத்துப்போட்டுக் கேலி செய்தன. கேலி செய்கிறவர்கள் என் வாக்கியத்தைப் பிழையில்லாமல் மேற்கோள் காட்டுகிறார்களே, அது அவர்களுக்குள் இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று இந்த நூலில் அவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார். கடைசியில் ஒரு பிக்காசோ ஓவியத்தை விற்று, அந்தப் பணத்தில் சொந்தமாகவே பதிப்பகம் தொடங்கி, ஆலிஸை அதற்குப் பதிப்பாளர் ஆக்கினார். கால் நூற்றாண்டு இப்படிக் கழிந்த ஒருவர், நான் பெரிய எழுத்தாளர் என்று உரக்கச் சொன்னால் நான் குறைசொல்ல மாட்டேன்.

இதே பாயிரத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது, வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தகுந்தவர் யார்? தன் ஆசிரியர், தன்னோடு கற்றவர், தன் மாணாக்கர், தகுந்த உரைகாரர். புகழ் அடுத்தவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்டைனுக்கு அப்படி ஆசிரியரும் இல்லை, மாணாக்கரும் இல்லை, உரைகாரரும் வரவில்லை. கூடவே இருந்து படியெடுத்தவர் ஆலிஸ் ஒருவர்தான். அந்த ஒருவரின் வாயால் தனக்கு ஒரு நீண்ட பாயிரம் சொல்லிக்கொண்டார். பாயிரமே நூலாகிவிட்டது. இப்படி ஒரு வடிவத்தை அவருக்கு முன்னால் யாரும் யோசித்ததாக நான் படித்ததில்லை.

கே: திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். கம்பெனி பஸ்ஸில் போகும்போது மட்டும்தான் படிக்க நேரம். என் ஆங்கிலத்துக்கு இது ஒத்துவருமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

ப: தாராளமாக வரும். சொற்கள் எல்லாம் எளியவை. பழக்கத்துக்கு வராதது நிறுத்தக்குறிதான். மேற்கோள் குறி கிடையாது, காற்புள்ளி அபூர்வம், கேள்விக்குறிகூட இருக்காது. யார் பேசுகிறார் என்று ஒரு கணம் தடுமாறும். மனசுக்குள் ஒலியோடு படித்தால் சரியாகிவிடும். பேச்சாக எழுதப்பட்டது அது.

ஏழு அத்தியாயங்கள், ஆனால் காலம் நேராக ஓடாது. 1907இல் ஆலிஸ் பாரிசில் இறங்குகிறார், அடுத்த அத்தியாயம் 1903க்குப் பின்னால் போகும், அதற்கடுத்தது ஸ்டைனின் படிப்புக் காலத்துக்கு, அப்புறம் மறுபடி 1907. தெரியாத ஓவியர் பெயர்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள்போல விட்டுவிடுங்கள். பிக்காசோ ஸ்டைனை வரைகிற பகுதியில் மட்டும் அவசரப்படாதீர்கள். எண்பது, தொண்ணூறு முறை உட்காரவைத்து வரைந்துவிட்டு, ஒருநாள் முகத்தை மட்டும் அழித்துவிடுகிறார். உன்னைப் பார்க்கும்போது எனக்கு நீ தெரியவே மாட்டேன் என்கிறாய் என்று சொல்லிவிட்டு ஸ்பெயினுக்குப் போகிறார். திரும்பி வந்ததும் ஆளைப் பார்க்காமலேயே முகத்தை எழுதி முடிக்கிறார். பல வருடம் கழித்து ஸ்டைன் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தபோது, அப்ப என் படம் என்ன ஆவது என்று முதலில் கடுகடுக்கிறார். பிறகு முகம் கனிந்து, இருந்தாலும் எல்லாம் அதில் இருக்கிறது என்கிறார்.

முதல் உலகப் போர் அத்தியாயமும் உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபோர்டு வண்டியை வரவழைத்து, இந்த இரண்டு பெண்களும் பிரான்சின் மருத்துவமனைகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஸ்டைன்தான் ஓட்டுவார். முன்னால் நன்றாக ஓட்டுவார், ரிவர்ஸ் மட்டும் வராது. நெருக்கடியில் எப்போதும் நன்றாக நடந்துகொள்கிற ஓர் அத்தையின் நினைவாக அந்த வண்டிக்கு அத்தை என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கே: அதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மையா?
– ஒரு வாசகர், தாராபுரம்

ப: இல்லை என்று சம்பந்தப்பட்டவர்களே சொன்னார்கள். 1935இல் பாரிசின் ‘ட்ரான்சிஷன்’ பத்திரிகை, ‘கெர்ட்ரூட் ஸ்டைனுக்கு எதிரான சாட்சியம்’ என்றே தனி இணைப்பு போட்டது. ஓவியர்கள் மத்தீஸ், பிராக், கவிஞர்கள் த்ரிஸ்தான் த்சாரா, ஆந்த்ரே சால்மோன் எல்லாரும் எழுதினார்கள். தன் மனைவியின் முகத்தைக் குதிரையோடு சேர்த்துச் சொன்னதற்காக மத்தீஸ் கோபப்பட்டார். உருவங்களைக் கோணங்களாக உடைத்து வரைகிற கியூபிசம் என்றால் என்னவென்றே இந்தம்மாவுக்குப் புரியவில்லை என்றார் பிராக். நூலில் சீண்டப்பட்ட எழுத்தாளர் ஹெமிங்வே தன் முறைக்குக் காத்திருந்து, தன் பாரிஸ் நினைவுகளில் திருப்பிக் கொடுத்தார்; அது அவர் இறந்தபின் 1964இல் வெளிவந்தது.

இந்தச் சண்டைகளில் பாதி, படத்தில் தன் முகம் சரியாக விழவில்லை என்கிற வருத்தம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு ஆறாதது வேறு: அண்ணன் லியோ. ஃப்ளூருஸ் தெரு வீட்டில் முதலில் குடிவந்தவர் லியோ. செசானையும் மத்தீசையும் பிக்காசோவையும் வாங்கலாம் என்று கண்ணும் கருத்துமாக அலைந்ததில் பெரிய பங்கு அவருடையது. ஆரம்பத்தில் அந்தக் கூடத்தில் நின்று வந்தவர்களுக்கு ஓவியங்களை விளக்கியவரும் அவர்தான். பிறகு பிக்காசோவின் கியூபிசமும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தங்கையின் எழுத்தும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் இருவரும் ஓவியங்களைப் பங்கு போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். இந்த நூலில் அவர் ‘கெர்ட்ரூட் ஸ்டைனின் அண்ணன்’ என்று ஓரமாக வந்துபோகிறார்.

பங்காளிச் சண்டை நமக்குப் புதிதில்லை. கிணற்றில் ஆளுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதில் தொடங்கி, கூடப் பிறந்தவன் பெயரைப் பத்திரிகையில் போடாமல் கல்யாணம் நடத்துவது வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால்தானோ என்னவோ அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும். தன்னைப் புகழ்ந்துகொள்வதால் இன்னொருவருக்கு நட்டமில்லை. அண்ணன் வாங்கியதையும் சேர்த்துத் தன் கண் கண்டுபிடித்தது என்று எழுதினால் அது அவர் பங்கை எடுத்துக்கொள்வது. அதற்குப் பவணந்தி முனிவர் எந்த இடத்தையும் திறந்துவிடவில்லை.

கே: இவருடைய மற்ற நூல்களையும் படிக்கலாமா?
– கல்லூரி மாணவி, கோபி

ப: ‘மூன்று வாழ்க்கைகள்’ படி கண்ணு. மூன்று பெண்களின் கதைகள்; முதலும் கடைசியும் வேலைக்காரப் பெண்களுடையவை. முதல் கதையில் வருகிற அன்னாவை மறக்க மாட்டாய். நடுவில் உள்ள ‘மெலாங்க்தா’ கறுப்பினப் பெண் ஒருத்தியின் கதை. அதில்தான் இலக்கியம் பத்தொன்பதாம் நூற்றாண்டைவிட்டு இருபதாம் நூற்றாண்டுக்குள் அடியெடுத்து வைத்தது என்று ஆலிஸ் வாயால் சொல்லிக்கொள்கிறார். நடை புதுசுதான். ஆனால் அந்த மக்களைப் பற்றி அவர் போகிற போக்கில் சொல்கிற பொதுப்பேச்சுகள் கூசவைக்கும். கூச வேண்டிய இடத்தில் கூசிக்கொண்டே படி. 1914இல் வந்த ‘மென்மையான பொத்தான்கள்’ நாளுக்கு ஒரு பக்கம் போதும். ‘அமெரிக்கர்களின் உருவாக்கம்’ தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். பரீட்சை முடிந்தபிறகு பார்க்கலாம்.

பரீட்சை என்றதும் ஒன்று. ஸ்டைனின் பேராசிரியர் வில்லியம் ஜேம்சின் தத்துவத் தேர்வில், இன்று எனக்குத் தத்துவப் பரீட்சை எழுதுகிற மனநிலை இல்லை என்று விடைத்தாளில் எழுதிவைத்துவிட்டு ஸ்டைன் எழுந்து போனதாகவும், ஜேம்ஸ் அவருக்கு வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் போட்டதாகவும் இந்தச் சுயசரிதையில் வருகிறது. உன் பல்கலைக்கழகத்தில் செய்து பார்க்காதே.

கே: என் மாமியாருக்கு 78 வயது. பவானியில் ஜமக்காளத் தறியில் ஐம்பது வருடம் உட்கார்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கதையை ‘நான்’ என்று அவர் குரலிலேயே நான் எழுதலாமா? அது மோசடி ஆகாதா? ஆலிஸ் கோபித்துக்கொள்ளவில்லையா?
– ஒரு வாசகி, பவானி

ப: இந்தக் கடிதத்துக்காகவே மற்ற கேள்விகளைச் சுருக்கமாக முடிக்க நினைத்தேன், முடியவில்லை.

ஆலிஸ் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நூலின் கடைசிப் பத்தியில் வருகிறது: நீ உன் சுயசரிதையை எழுதுவதாகத் தெரியவில்லை, உனக்காக நானே எழுதப்போகிறேன், ராபின்சன் குருசோவின் கதையை நாவலாசிரியர் டிஃபோ எழுதியதுபோல எளிமையாக எழுதப்போகிறேன் என்று ஸ்டைன் சொன்னார்; எழுதியும்விட்டார், இதுதான் அது. அவ்வளவுதான் முடிவு. முதல் பதிப்பில் ஆசிரியர் பெயரும் கிடையாது. முகப்பில் மான் ரே எடுத்த புகைப்படம் மட்டும்: ஸ்டைன் மேசையில் எழுதிக்கொண்டிருக்க, வாசலில் ஆலிஸ் நிற்கிறார்.

ஸ்டைன் போனபிறகு ஆலிஸ் 1954இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார், 1963இல் தன் நினைவுகளை எழுதினார். அப்போது அவருக்கு 86 வயது. அந்த நினைவுகள் ஸ்டைனின் மரணத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப்பின் தான் தனியாக வாழ்ந்த வருடங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சுவரிலிருந்த ஓவியங்களை ஸ்டைனின் குடும்பத்தார் எடுத்துக்கொண்டதும், கையில் காசில்லாமல் 1967இல் அவர் இறந்ததும் மற்றவர்கள் எழுதித்தான் நமக்குத் தெரியும். ஆலிஸே எழுதிய ஆலிஸைவிட, ஸ்டைன் எழுதிய ஆலிஸ் அதிகம் பேசுகிறார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆகவே எழுதுங்கள். மாமியார் கதையில் மருமகள் எங்கே வருகிறாள் என்று ஊர் முதலில் அதைத்தான் தேடும். அதற்காக உங்களை நல்லவராகக் காட்டவும் வேண்டாம், ஒளித்துவைக்கவும் வேண்டாம். அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே எழுதுங்கள். ஸ்டைன் தன்னை எங்கேயும் முழுப்பெயரில்தான் எழுதினார், ஏனென்றால் அது ஆலிஸின் வாய்.

வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், கஷ்டமாக இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் மழைக்காலத்தில் ஈரம் எதுவரை ஏறும், பட்டைக்கு எந்தச் சாயம் கையில் ஒட்டிப் போகாது, ஒரு ஜமக்காளத்துக்குக் கூலி என்ன வந்தது, அந்தக் கூலியை யார் கையில் வாங்கினார்கள், குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நெய்தபோது யார் ஆட்டினார்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொண்டாலும், எழுதும்போது அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். வருடவாரியாக அடுக்கினால் அது உங்கள் கதையாகிவிடும்.

ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்ததும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நான் இப்படிச் சொல்லவே இல்லையே என்றால் எடுத்துவிடுங்கள். இதைப் போடாதே என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அட்டையில் இரண்டு பேர் பெயரும் வரட்டும், அவர் பெயர் முதலில். ஆடி மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வரும்போது எழுதியவரைக்கும் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவாருங்கள். பென்சிலோடு உட்கார்ந்து ஒரு மெய்ப்பு நான் பார்த்துத் தருகிறேன்.